ஜேகுவெரி தெரிந்தவர் அடுத்து எதைக் கற்பது? உலாவிக்குள் கரைந்த கருவிகளும் இன்னும் கரையாதவையும்

கேள்வி: ஏழு ஆண்டுகளாகச் சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேகுவெரி, பூட்ஸ்டிராப், கொஞ்சம் பிஎச்பி தெரியும். ரியாக்ட் கற்கத் தொடங்கினேன். அதற்கான கருவியைப் பழகி முடிப்பதற்குள் அந்தக் கருவியே கைவிடப்பட்டுவிட்டது என்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவே தளத்தை எழுதித் தந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். நான் எதைக் கற்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: நீங்கள் குறிப்பிடும் கருவி, திரையின் பகுதிகளை ஜாவாஸ்கிரிப்டால் கட்டும் ரியாக்ட் நிரலகத்தில் புதுத் திட்டம் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்று நினைக்கிறேன். 2016இல் வந்த அதற்கு 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவினரே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ரியாக்ட் கற்பதென்றால் அந்தக் கருவியின் கட்டளைகளைக் கற்பது என்றே எண்ணியிருந்த பலருக்கு அது பேரிடியாக இருந்தது. ரியாக்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் ஒரு மாலைப்பொழுதில் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்கான பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வலைத்தளம் அமைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை, உலாவியிடம் இல்லாத ஒரு திறனை வெளியிலிருந்து ஈடுகட்டப் பிறந்தவை. கட்டடம் எழும்பும்வரை சுற்றிலும் சவுக்குக் கம்பால் சாரம் கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். உலாவி என்னும் கட்டடம் கடந்த இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல எழும்பியிருக்கிறது, ஆனால் சாரத்தைப் பிரிக்க நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும், அது எந்தக் குறையை நிரப்ப வந்தது, அந்தக் குறை இன்னும் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, பிறகு கற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்படி உங்களுக்குச் சொல்வேன். உங்களுக்குத் தெரிந்த கருவிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜான் ரெசிக் ஜேகுவெரியை வெளியிட்ட 2006ஆம் ஆண்டில், ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு செயல் நடக்கவேண்டும் என்ற எளிய வேலையைக்கூட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு விதமாகவும் ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டியிருந்தது. பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரிடமிருந்து தகவல் பெறும் வழியும் உலாவிக்கு உலாவி வேறுபட்டது. இந்த வேற்றுமைகளையெல்லாம் மறைத்து, சிஎஸ்எஸ்ஸில் எழுதுவதைப் போலவே ஒரு குறியீட்டை எழுதிப் பக்கத்தின் எந்த உறுப்பையும் பிடித்துவிடலாம் என்று ஜேகுவெரி ஆக்கிக் கொடுத்தது. அந்த யோசனை எவ்வளவு நல்லது என்றால், உலாவிகளே அதைத் தமதாக்கிக்கொண்டன: 2009 வாக்கில் குவெரி செலக்டர் என்ற பெயரில் அதே வசதி முக்கிய உலாவிகளில் வந்துவிட்டது, 2015இல் ஃபெட்ச் வந்தபின் தகவல் பெறும் வேலைக்கும் வெளித்துணை தேவையில்லாமல் போயிற்று, 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு முடிந்ததோடு, ஜேகுவெரி எந்த வேற்றுமையை மறைக்கப் பிறந்ததோ அந்த வேற்றுமையே பெரும்பாலும் மறைந்துவிட்டது. பக்கத் தோற்றத்துக்கான ஆயத்தத் தொகுப்பான பூட்ஸ்டிராப் அதற்கு முன்பே, 2021இல் வெளியான தன் ஐந்தாம் பதிப்பில், ஜேகுவெரியைக் கழற்றிவிட்டது.

இதனால் நீங்கள் கற்றது வீணாகவில்லை. ஜேகுவெரி தெரிந்தவருக்கு உலாவியின் இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வாரத்தில் கைவரும், ஏனென்றால் சிந்திக்கும் முறை ஒன்றேதான். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தளங்களிலிருந்து அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். வேர்ட்பிரஸ் தன்னோடேயே அதைக் கொண்டு வருகிறது, பல பிளகின்கள் அதை நம்பியிருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் தளத்தில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

சிஎஸ்எஸ்ஸின் கதையும் இதுவே என்பதால் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க முதலில் அட்டவணையையும், பிறகு படத்தைச் சுற்றி எழுத்தை ஓட விடுவதற்காக உண்டாக்கப்பட்ட ஃப்ளோட்டையும் நாம் துன்புறுத்தி வேலை வாங்கினோம். பூட்ஸ்டிராப்பின் பன்னிரண்டு பத்தி முறை அந்தத் துன்பத்துக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. 2017 மார்ச் மாதம் ஒன்றிலேயே ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வசதியை வெளியிட்டன. சாஸ் என்னும் முன்செயலியை நாம் எதற்காகப் பயன்படுத்தினோமோ அந்த இரண்டு முக்கிய வசதிகளில், மாறிகள் முன்பே உலாவிக்குள் வந்திருந்தன. ஒன்றினுள் ஒன்றாக விதிகளை எழுதும் வசதி 2023இல் வந்து சேர்ந்தது. திரையின் அகலத்தைப் பாராமல் தான் இருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்து ஒரு பகுதி உருமாறும் கன்டெய்னர் குவெரி, ஓர் உறுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் தோற்றத்தை மாற்றும் ஹேஸ் ஆகியவற்றுக்கு நேற்றுவரை ஜாவாஸ்கிரிப்ட் எழுதினோம். 2023 முடிவதற்குள் அவை எல்லா முக்கிய உலாவிகளிலும் வந்துவிட்டன. முன்னால் எழும்பும் சிறு பெட்டிக்காக ஒரு பிளகின் தேடித் தரவிறக்கிய காலமும் போயிற்று. 2022இலிருந்து டயலாக் என்ற எச்டிஎம்எல் உறுப்பே அதைச் செய்கிறது, விசைப்பலகை மட்டும் பயன்படுத்துவோருக்கும் சரியாக. ரியாக்ட் போன்ற எந்தச் சட்டகத்தையும் கற்பதற்கு முன், இவற்றுக்காக ஒரு மாதம் ஒதுக்குங்கள் என்பது என் முதல் பரிந்துரை. ஆயத்த சிஎஸ்எஸ் வகுப்புகளைத் தரும் டெயில்விண்ட் கற்பதா வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது பெரும்பாலும் ரசனையைப் பொறுத்தது; குழுவாக வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும், தனியாளுக்கு அவசியமில்லை.

எல்லாச் சாரத்தையும் பிரித்துவிடலாம் என்று நான் சொல்வதாக நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஆதலால் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் பண்ட்லர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு, ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பை வரவழைக்கும் வழி நெடுங்காலம் இல்லை. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்க ரயன் டால் 2009இல் உருவாக்கிய நோட் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டது. அந்த முறை உலாவிக்குப் புரியாது. எனவே பல கோப்புகளைச் சேர்த்து உலாவிக்குப் புரியும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும் கருவி தேவைப்பட்டது. வெப்பேக் அப்படித்தான் புகழ் பெற்றது. மொழியின் 2015ஆம் ஆண்டுத் தரநிலை இந்த வழியை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. 2017க்கும் 2018க்கும் இடையில் உலாவிகள் அதை நடைமுறைப்படுத்தின. இன்னொரு காரணமும் இருந்தது. பழைய எச்டிடிபி முறையில் ஓர் உலாவி ஒரு தளத்தோடு ஒரே நேரத்தில் சுமார் ஆறு இணைப்புகளையே வைத்துக்கொள்ளும். ஆகவே நூறு சிறு கோப்புகளைவிட ஒரு பெரிய கோப்பு விரைவாக வந்து சேர்ந்தது. 2015இல் தரநிலையான எச்டிடிபி 2, ஒரே இணைப்பில் பல கோப்புகளை இணையாக அனுப்பும் வழியைத் திறந்தது. இரண்டு குறைகளும் தீர்ந்துவிட்டன, இனிப் பண்ட்லர் தேவையில்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். நானும் நம்பினேன்.

அது முழுமையாக நடக்கவில்லை. முதல் கோப்பு வந்து சேர்ந்து அதைப் படித்த பிறகுதான் அது கேட்கும் இரண்டாவது கோப்பு எது என்று உலாவிக்குத் தெரியும்; அது வந்தபின்தான் மூன்றாவது. படிக்குப் படி சர்வருக்குப் போய்வர வேண்டிய இந்தச் சங்கிலி, நல்ல இணைப்பில் உறைக்காது. ஊர்ப்புறத்தில் பேருந்தில் போகும்போது தடுமாறும் கைப்பேசி இணைப்பில் நன்றாகவே உறைக்கும். மேலும் ஒரே பெரிய கோப்பைச் சுருக்கும் அளவுக்குப் பல சிறு கோப்புகளைத் தனித்தனியே சுருக்க முடியாது. அதனால்தான் வியூ சட்டகத்தை உருவாக்கிய எவான் யூ 2020இல் கொண்டுவந்த வீட், இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பிடித்தது: நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்புகளைக் கட்டாமல் உலாவியின் சொந்த முறையிலேயே அனுப்புகிறது, வெளியிடும்போது மட்டும் கட்டித் தருகிறது. நம் ஊரில் பலர் ‘வைட்’ என்று சொல்கிறார்கள். விரைவு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது, ‘வீட்’ என்பதே சரியான ஒலிப்பு. இந்தச் சாரம் இன்னும் சில ஆண்டுகள் தேவைப்படும் என்பதால் வீட் கற்பது பயனுள்ளது, அதற்கு இரண்டு நாள் போதும். நான்கைந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் மட்டுமே உள்ள ஒரு பள்ளித் தளத்துக்கு அதுவும் வேண்டியதில்லை.

தேவை முடிந்தபின்னும் சாரத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. பாலிஃபில் டாட் ஐஓ என்ற சேவை, பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை மட்டும் பார்த்து அவற்றுக்கு ஈடான நிரலை அனுப்பித் தந்தது. ஒரு ஸ்கிரிப்ட் வரியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். அது நல்ல நோக்கத்தில் பிறந்து, நன்றாகவே உழைத்த சேவை. பழைய உலாவிகள் வழக்கொழிந்த பிறகும் அந்த ஒரு வரி லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அப்படியே கிடந்தது, எவரும் எடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், இன்று எந்தத் தளத்துக்கும் அது தேவையில்லை, உடனே நீக்கிவிடுங்கள் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். ஜூன் மாதம், அதே வரி வழியாகக் கைப்பேசிப் பயனர்கள் சிலர் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பி விடப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உலாவியில் ஒரு வழி உண்டு, ஆனால் இந்தச் சேவை ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு கோப்பை அனுப்பியதால் அந்தப் பாதுகாப்பும் இங்கே பயன்படவில்லை. தள உரிமையாளர்கள் தம் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கெட்டுப்போன பொருள் அவர்கள் வீட்டில் இல்லை, அவர்கள் எப்போதோ திறந்துவைத்து மறந்த கதவில் இருந்தது.

என்பிஎம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து நாம் எடுத்துச் சேர்க்கும் பொதிகளின், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின், நிலையும் இதற்கு நெருங்கியதே. 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த ஒருவர் தம் பொதிகளையெல்லாம் நீக்கியபோது, அவற்றில் ஒன்றான பதினொரு வரி லெஃப்ட்-பேட் காணாமல் போனதால் பேபல் உட்படப் பெரிய பெரிய கருவிகள் கட்டமுடியாமல் நின்றன. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை இடைவெளியாலோ சுழியத்தாலோ நிரப்புவதைத் தவிர அந்தப் பொதி வேறொன்றும் செய்யவில்லை. மறு ஆண்டுத் தரநிலையில் அந்த வசதி ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் நடந்தது இன்னும் மோசம். ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டதில், சாக், டீபக் போன்ற, வாரந்தோறும் பல கோடி முறை தரவிறக்கப்படும் பொதிகளில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் நுழைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் அது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. அதே மாதத்தில், ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பரவும் புழு ஒன்றும் என்பிஎம்மில் உலவியது. ஒரு சிறு வேலைக்காக ஒரு பொதியைச் சேர்க்குமுன், உலாவியிலேயே அது இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேகம், அழகு எல்லாம் பிறகு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பொதியும், முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் வாடிக்கையாளரின் சாவியைக் கொடுத்து வைப்பதற்குச் சமம்.

தமிழில் தளம் அமைப்பவர் என்பதால் உங்களுக்கென்று தனியே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஆங்கிலத்தில் வரும் பயிற்சிக் காணொலிகளில் இவை கிடைக்கா. 2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழ் நாளிதழ்களின் தளங்களைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது, அதைத் தரவிறக்காவிட்டால் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். டாப், டாம், திஸ்கி என்று குறியேற்றங்கள் பல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவிகள் அதைவிடப் பல. யூனிகோட் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், இயங்குதளங்களும் உலாவிகளும் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கும்வரை அந்த மாற்றிகள் இல்லாமல் நம்மால் வாழ முடியவில்லை. இன்று பழைய அச்சகக் கோப்புகளைக் கையாள்பவர்களைத் தவிர எவருக்கும் அவை வேண்டாம். சாரம் பிரிக்கப்பட்டதற்கு நம் மொழியிலேயே இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எழுத்து தெரிவதோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. ‘நீங்கள்’ அதற்கு ஏழு. ஒரு படிவத்தில் ‘பெயர் இருபது எழுத்துக்கு மிகக் கூடாது’ என்று கட்டுப்பாடு வைத்தால், தமிழில் எழுதுகிறவருக்குப் பாதி வழியிலேயே கதவு சாத்தப்படும். தலைப்பை இத்தனை எழுத்தில் வெட்டு என்று சொன்னால், கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சொல் அறுந்து தொங்கும். இதைச் சரிசெய்யத் தனி நிரலகங்கள் இருந்தன. இன்று இன்ட்ல் செக்மென்டர் என்ற உலாவி வசதியே எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. குரோமில் 2020இலும், கடைசியாக ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலிலும் அது வந்தது. ‘க்ஷ’ போன்றவற்றை அது ‘க்’, ‘ஷ’ என இரண்டாக எண்ணும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகரவரிசை இன்னொரு பொறி. யூனிகோட் அட்டவணையில் ற என்பது ர-வுக்கு அடுத்தும், ன என்பது ந-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் அமைந்திருக்கின்றன. எண்வரிசைப்படி அடுக்கும் சாதாரணக் கட்டளையைப் பயன்படுத்தினால், ‘பவளம்’ என்பதற்கு முன் ‘பழனி’யும், ‘கலா’வுக்கு முன் ‘கற்பகம்’மும் வந்து நிற்கும். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை நான் இப்படித்தான் வெளியிட்டேன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, வகரத்துக்குப் பிறகுதானே ழகரம்? உங்கள் கணினி எந்தப் பள்ளியில் படித்தது?” என்று கேட்டார். இன்ட்ல் கொலேட்டர் என்பதைத் தமிழ் என்ற குறிப்போடு பயன்படுத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. தேடல் பெட்டியிலும் இதைப் போன்ற ஒன்று உண்டு: ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. தேடுவதற்கு முன் இரு பக்கமும் நார்மலைஸ் செய்து, ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். இந்த மூன்றையும் சரியாகச் செய்கிற தமிழ்த் தளங்கள் மிகக் குறைவு. சந்தையில் உங்களைத் தனித்துக் காட்டுவது புதிய சட்டகத்தைவிட இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இனி ரியாக்ட். அது நிரப்பிய குறை இன்னும் உலாவியில் இருக்கிறது: தகவல் மாறும்போது அதைச் சார்ந்த திரைப் பகுதிகள் அனைத்தும் தாமே மாறவேண்டும் என்ற தேவைக்கு உலாவி இன்னும் முழுமையான வழி தரவில்லை. ஒரே திரையில் பல பகுதிகள் ஒன்றையொன்று பாதிக்கும் வேலைகளுக்கு, அதாவது கணக்கு மென்பொருள், பயணச்சீட்டுப் பதிவு, பொருள் இருப்புப் பலகை போன்றவற்றுக்கு, ரியாக்டோ வியூவோ ஸ்வெல்ட்டோ ஏதேனும் ஒன்று வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ரியாக்ட் கற்பதே நல்லது, நிறுவனங்கள் அதைத்தான் கேட்கின்றன. ஆனால் நீங்கள் செய்துவருவது கடைகளுக்கும் பள்ளிகளுக்குமான தளங்கள். அவற்றில் பெரும்பகுதி, எழுதி வைத்ததைக் காட்டும் பக்கங்கள். அவற்றின் மீது பெரிய சட்டகத்தை ஏற்றினால், விலை குறைந்த கைப்பேசி அந்த ஜாவாஸ்கிரிப்டைப் படித்து இயக்குவதற்குள் மூச்சு வாங்கும். பயனர் தொட்டபின் திரை எவ்வளவு விரைவில் பதில் தருகிறது என்பதை கூகுள் 2024 மார்ச் முதல் தன் முக்கிய அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 200 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் நன்று என்று கணக்கு. வேர்ட்பிரஸ், அல்லது ஆஸ்ட்ரோ, ஹியூகோ போன்று முன்கூட்டியே எச்டிஎம்எல் ஆக்கிவைக்கும் கருவி, இவற்றில் ஒன்று உங்கள் வேலைக்கு இயல்பாகப் பொருந்தும். சட்டகம் சர்வர்வரை நீளும்போது பொறுப்பும் நீள்கிறது: 2025 டிசம்பரில் ரியாக்டின் பகுதிகளைச் சர்வரிலேயே இயக்கும் ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸில், கடவுச்சொல் எதுவுமின்றி வெளியாள் ஒருவர் சர்வரில் தம் நிரலை இயக்கிவிடக்கூடிய அளவுக்குக் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அன்றிரவே தளங்களைப் புதுப்பிக்க ஆள் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஒரு முறை கட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு பணம் வசூலிக்கப் போகும் நமக்கு அந்த வசதி இல்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலைப் பற்றி, அதை அன்றாடம் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் வரைவை அது விரைவாகவே தருகிறது. சலிப்பூட்டும் வேலைகளில் மனிதனைவிடப் பொறுமையாகவும் இருக்கிறது. ஆனால் அது கற்றது கடந்த இருபது ஆண்டுகளின் நிரலை. எனவே எவரும் குறிப்பாகச் சொல்லாவிட்டால், பிரிக்கப்பட்ட சாரத்தைத் திரும்பக் கட்டித்தரும் இயல்பு அதற்கு உண்டு. டயலாக் உறுப்பு போதுமான இடத்தில் ஒரு பொதியைப் பரிந்துரைக்கும், கிரிட் போதுமான இடத்தில் பழைய ஃப்ளோட்டை எழுதும். சில வேளைகளில் இல்லாத பொதியின் பெயரையே உறுதியோடு சொல்லும். அப்படி அடிக்கடி கற்பனையாக வரும் பெயர்களைக் கவனித்து, அதே பெயரில் தீய நிரலைப் பதிவேற்றிக் காத்திருக்கும் வழியையும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உலாவியின் இன்றைய திறன் என்னவென்று தெரிந்தவர் அதனிடம், “ஜேகுவெரி வேண்டாம், வெளிப் பொதி எதுவும் வேண்டாம், டயலாக் உறுப்பைக் கொண்டு எழுது” என்று ஒரு வரி சொல்வார். கிடைக்கும் விடையும் சுத்தமாக இருக்கும். தெரியாதவர் அது தந்ததை வாங்கிக்கொள்வார். இந்த வகையில், எழுதும் வேலை குறைந்து, சரிபார்க்கும் அறிவுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

அந்த அறிவை எங்கே சரிபார்ப்பது என்றால், அதற்கும் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு வசதியை நம்பிப் பயன்படுத்தலாமா என்பதை முன்பு ஒவ்வோர் உலாவியாகத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 2023இல் அறிமுகமான பேஸ்லைன் என்ற குறி, முக்கிய உலாவிகள் அனைத்திலும் ஒரு வசதி வந்துவிட்டால் ‘புதிதாகக் கிடைக்கிறது’ என்றும், அதன்பின் 30 மாதங்கள் கடந்துவிட்டால் ‘பரவலாகக் கிடைக்கிறது’ என்றும் காட்டுகிறது. மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்களில், வசதிகளை விளக்கும் பல பக்கங்களின் உச்சியில் அதைக் காணலாம். வாடிக்கையாளர் தளங்களுக்குப் ‘பரவலாக’ என்ற குறி உள்ளவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ‘புதிதாக’ என்று இருந்தால், அந்த வசதி இல்லாவிட்டாலும் பக்கம் படிக்கும்படி இருக்குமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கைப்பேசியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம்.

தேடுபொறிகள் விடையைத் தாமே தொகுத்துச் சொல்லத் தொடங்கியதால் சிறு தளங்களின் வருகை என்னாகும் என்ற கவலையும் உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருக்கும். கடை திறக்கும் நேரம், முகவரி போன்றவற்றுக்காக இனிமேல் பலர் தளத்துக்கே வரமாட்டார்கள். அந்தத் தகவல் சரியாகப் பரவ, பக்கத்தில் அதை எச்டிஎம்எல் எழுத்தாகவே வைப்பது முக்கியம். விலைப்பட்டியலைப் படமாக்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, தேதி குறிக்கப்பட்டுவிட்ட ஒரு மாற்றம். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்களை 398 நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு அது 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கொரு முறை காசு வாங்கிக்கொண்டு கையால் புதுப்பித்துக் கொடுக்கும் வழக்கம் இதோடு முடிகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015இலிருந்தே இலவசமாகச் சான்றிதழ் தருகிறது, அதைத் தானாகவே புதுப்பிக்கும் முறையும் தரநிலையாகிவிட்டது. உங்கள் ஹோஸ்டிங் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள், தராவிட்டால் ஹோஸ்டிங்கை மாற்றுங்கள். இந்த வாரம் பழைய வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்து உட்காருங்கள். எவருடைய சான்றிதழ் இன்னும் கையால் புதுப்பிக்கப்படுகிறது, எவருடைய பக்கத்தில் பாலிஃபில் வரி இன்னும் கிடக்கிறது என்ற இரண்டை மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துக்கொண்டு, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.